பத்தாம் வகுப்போடு பிசிக்ஸை விட்டவர் இலவசக் கோர்ஸில் பருவநிலை அறிவியல் கற்க முடியுமா?

தேவகோட்டை ரஸ்தா, 9 மார்ச் 2025

பி.காம். படித்தவன். பிசிக்ஸ் பத்தாம் வகுப்போடு முடிந்தது. வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் "பூமி சூடாகுது என்பதே வெள்ளைக்காரன் வியாபாரம்" என்கிறார். இன்னொருத்தர் "இன்னும் பத்து வருஷம்தான், அப்புறம் எல்லாம் முடிஞ்சது" என்கிறார். இரண்டு பேருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. இலவச கோர்ஸ் நிறைய இருக்கிறதாம். அதை வைத்து அடிப்படையை உருப்படியாகக் கற்றுக்கொள்ள முடியுமா? சான்றிதழ் வேண்டாம். எதில் தொடங்குவது?

ஐந்தொகை, 9 மார்ச் 2025, இரவு

முடியும். நானும் பி.காம்.தான். காரைக்குடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்குப் பார்க்கிறேன்.

ஆனால் எந்தக் கோர்ஸ் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெயரில் கிளைமேட் என்று போட்ட இலவசக் கோர்ஸ்களில் நான் எட்டிப் பார்த்தவை பெரும்பாலும் பாதிப்பைச் சொல்பவை. பனி உருகுது, கடல் ஏறுது, கரடி மெலியுது, கடைசிப் பாடத்தில் மரம் நடுங்கள். அது செய்தி. ஏன் சூடாகிறது, எவ்வளவு சூடாகும், அந்த எண் எங்கிருந்து வந்தது, இதெல்லாம்தான் அறிவியல். அந்த எண்ணை உங்கள் கையாலேயே போட வைக்காத கோர்ஸ் உங்களுக்கு வேண்டாம். வாட்ஸ்அப் சண்டைக்கும் அது உதவாது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஆர்ச்சர் நடத்திய பாடத்தில் தொடங்குங்கள். அறிவியல் எடுக்காத மாணவர்களுக்காகவே நடத்தியது. கோர்செரா என்ற இணையக் கோர்ஸ் தளத்தில் வந்தது, யூடியூபிலும் விரிவுரைகள் கிடைக்கின்றன. மனிதர் கரும்பலகையில் கிறுக்கிக்கொண்டே பேசுவார். அலங்காரம் கிடையாது.

ஐந்தொகை, 11 மார்ச் 2025

கணக்கு என்றதும் ரஸ்தா பின்வாங்குகிறார். கடை மேசையில் கிடக்கிற பெரிய பட்டன் கால்குலேட்டரே போதும். போட்டுக் காட்டுகிறேன்.

வெயிலுக்கு நேராக, வானவெளியில், ஒரு சதுர மீட்டரில் விழுவது 1,361 வாட். பூமி உருண்டை. பாதியில் எப்போதும் இரவு, ஓரங்களில் வெயில் சாய்ந்து விழுகிறது. சராசரி எடுத்தால் நாலில் ஒரு பங்கு, அதாவது 340. அதில் நூற்றுக்கு முப்பதை மேகமும் பனியும் மணலும் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். மிச்சம் 238. இது வரவு.

பற்று எப்படி? சூடு உள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளியே விடும். எவ்வளவு விடும் என்பதற்கு ஸ்டெஃபான், போல்ட்ஸ்மான் என்ற இருவர் பெயரில் ஒரு விதி. கெல்வின் வெப்பநிலையின் நாலாம் அடுக்கை எடுத்து, 5.67ஆல் பெருக்கி, பத்துக் கோடியால் வகுக்கணும். சென்டிகிரேடோடு 273 கூட்டினால் கெல்வின்.

ஐந்தொகை போடுகிற மாதிரி வரவும் பற்றும் நேராக வேண்டும். நேராகாவிட்டால் நேராகும் வரை பூமி சூடாகும், அல்லது குளிரும். சரி, இப்போது தலைகீழாகப் போங்கள். 238ஐ 5.67ஆல் வகுத்து, பத்துக் கோடியால் பெருக்கி, வர்க்கமூலப் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள். 254.5 வரும். 273ஐக் கழித்தால் மைனஸ் 18.5 டிகிரி.

பூமியின் உண்மையான சராசரி 15 டிகிரி அளவில் இருக்கிறது. இடையில் கிடக்கும் முப்பத்து மூன்று டிகிரி எங்கிருந்து வந்தது? மொத்தப் பாடமும் அந்த ஒரு கேள்விதான். அதை 1824இலேயே ஃபூரியே யோசித்தார். 1856இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கரியமிலவாயு உள்ள குழாய் கூடுதலாகச் சூடேறுவதைப் பார்த்தார். 1859இல் டிண்டால் என்ற விஞ்ஞானி, வாயுக்கள் வெப்பக்கதிரைப் பிடிப்பதை அளந்தே காட்டினார். 1896இல் ஸ்வீடனில் அர்ரீனியஸ், கரியமிலவாயு இரட்டித்தால் பூமி எத்தனை டிகிரி ஏறும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். வியாபாரம் என்கிறவரிடம் இந்த ஆண்டைச் சொல்லுங்கள். அன்றைக்கு விற்க சோலார் பேனல் கிடையாது.

ஐந்தொகை, 11 மார்ச் 2025, பின்னிரவு

கொத்தமங்கலத்து அண்ணன் கேட்கிறார்: பகல் பாதி, இரவு பாதி என்றால் இரண்டால்தானே வகுக்கணும், நாலு எங்கிருந்து வந்தது? அண்ணே, பூமியின் நிழல் ஒரு வட்டம். வெயிலைப் பிடிப்பது அந்த வட்டத்தின் பரப்பு. அதே ஆரமுள்ள உருண்டையின் மேற்பரப்பு வட்டத்தைப்போல நாலு மடங்கு. ஓரத்தில் சாய்ந்து விழுகிற கணக்கும் இதிலேயே அடங்கிவிடும்.

ஐந்தொகை, 16 மார்ச் 2025

அடுத்தது எதிர்பார்த்த கேள்விதான். "காற்றில் கரியமிலவாயு வெறும் 0.04 சதவீதம். இத்தனூண்டு என்ன செய்துவிடும்?"

எதில் இத்தனூண்டு என்று பார்க்கணும். உலர்ந்த காற்றில் நூற்றுக்கு 99 பங்கு நைட்ரஜனும் ஆக்சிஜனும். அகச்சிவப்புக் கதிரைப் பொறுத்தவரை அவை இரண்டும் இருந்தும் இல்லாத மாதிரி. இரண்டே அணு, இரண்டும் ஒரே ஜாதி, அதனால் அந்தக் கதிரைப் பிடிக்கிற மாதிரி அதிராது. பிடிப்பவை நீராவி, கரியமிலவாயு, மீத்தேன் மாதிரி சில்லறை வாயுக்கள். ஆகவே 99ஐக் கூட்டத்திலிருந்து கழித்துவிட்டு மிச்சத்துக்குள் ஒப்பிடுங்கள்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான கேள்வி ஒன்று உண்டு, இங்கே யாரும் இன்னும் கேட்கவில்லை. "கரியமிலவாயு பிடிக்க வேண்டிய கதிரை ஏற்கெனவே முழுக்கப் பிடித்தாகிவிட்டது, இனி கூட்டினால் என்ன ஆகப்போகிறது?" 1900இல் ஆங்ஸ்ட்ராம் ஒரு சோதனை செய்து கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். அர்ரீனியஸின் கணக்கைப் பலர் பல ஆண்டுகள் ஓரம் கட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். பதிலுக்குக் கொஞ்சம் மலை ஏறணும். அடுத்த ஞாயிறு பார்க்கலாம்.

ஐந்தொகை, 30 மார்ச் 2025

ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரம், போன ஞாயிறு வர முடியவில்லை.

கொடைக்கானல் போனவர்கள் யோசித்துப் பாருங்கள். சூரியனுக்கு இரண்டு கிலோமீட்டர் பக்கத்தில் போயிருக்கிறோம், ஸ்வெட்டர் எதற்கு? காற்று மேலே போகப் போக விரிகிறது, விரிந்தால் குளிர்கிறது. சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி இறங்கும்.

வானவெளிக்குத் தப்பிப் போகும் வெப்பம் நம் தரையிலிருந்து நேராகப் போவதில்லை. கீழே கிளம்பியதை வாயுக்கள் பிடித்து, திரும்ப விட்டு, மேலே உள்ளது பிடித்து, திரும்ப விட்டு, கடைசியில் தலைக்கு மேல் பிடிக்க ஆளில்லாத ஓர் உயரத்திலிருந்து தப்பிக்கிறது. அந்த உயரம்தான் மைனஸ் 18இல் இருக்கணும், வரவு பற்றுக் கணக்கு அங்கேதான் நேராகிறது. இப்போது 33ஐ 6.5ஆல் வகுங்கள். ஐந்து கிலோமீட்டர் சொச்சம். நாம் அதற்கு ஐந்து கிலோமீட்டர் கீழே இருக்கிறோம், அதனால் 15 டிகிரி. எனக்கு மண்டையில் பல்பு எரிந்தது இந்த வகுத்தலில்தான். வேறு எந்தப் படமும் எனக்கு இதைப் புரிய வைக்கவில்லை.

கரியமிலவாயுவைக் கூட்டினால் தப்பிக்கிற அந்த உயரம் இன்னும் மேலே போகிறது. மேலே என்றால் குளிர். குளிர்ந்த இடம் குறைவாகத்தான் வெப்பத்தை வெளியே விடும். பற்று குறைகிறது, வரவு அப்படியே. கீழே சூடேறித்தான் ஆகணும். ஆங்ஸ்ட்ராமின் சோதனையில் இந்த உயரக் கணக்கு இல்லை. தரைப் பக்கம் எல்லாம் பிடிபட்டுவிட்டாலும் மேலே நடப்பது வேறு.

ஐந்தொகை, 6 ஏப்ரல் 2025

ஆர்ச்சரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் மோட்ட்ரான் என்று ஒரு கருவி இருக்கிறது. இலவசம், பதிவுகூட வேண்டாம். கதிர் காற்றில் எப்படிப் போகும் என்று கணக்கிடும் நிரலுக்கு ஒரு முகப்புப் போட்டு வைத்திருக்கிறார்கள். கரியமிலவாயு 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) என்று இருக்கும். அதை 800 ஆக்குங்கள். வெளியே போகும் வெப்பம் சதுர மீட்டருக்கு மூன்று வாட் சொச்சம் குறையும். அப்புறம் தரை வெப்பநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பழைய எண் வரும் வரை பாருங்கள். ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகவே சரியாகிவிடும்.

அவ்வளவுதானா என்று தோன்றும். இல்லை. காற்று சூடானால் நீராவியைக் கூடுதலாகத் தாங்கும், டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம். நீராவியும் கதிரைப் பிடிக்கும். கருவியில் அதற்கும் ஒரு தேர்வு இருக்கிறது. மாற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள், தேவைப்படும் டிகிரி கூடும். பனி உருகி வெள்ளை குறைவது, மேகம் மாறுவது எல்லாம் இதற்கு மேலே. எல்லாம் சேர்த்து, இரட்டித்தால் பெரும்பாலும் இரண்டரையிலிருந்து நாலு டிகிரிக்குள், சிறந்த மதிப்பீடு மூன்று என்று ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021இல் சொன்னது. இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம் மேகம்.

இன்னொரு கணக்கு. செல்போன் கால்குலேட்டரைப் படுக்கப் போட்டால் லாக் பட்டன் வரும். அதில் இயல் மடக்கையை (ln) தேடுங்கள். தொழிற்புரட்சிக்கு முன் கரியமிலவாயு 280 பிபிஎம். ஹவாயில் மௌனா லோவாவில் 1958இல் கீலிங் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இப்போது 425ஐ ஒட்டி. 425ஐ 280ஆல் வகுத்து, மடக்கை எடுத்து, 5.35ஆல் பெருக்குங்கள். 2.2 வாட் வரும். பூமியின் ஐந்தொகையில் கரியமிலவாயு மட்டும் குறைத்த பற்று இது.

மடக்கை என்பதால் 280இலிருந்து 560க்குப் போனாலும், 560இலிருந்து 1,120க்குப் போனாலும் ஏறுவது ஒரே அளவு. 'கூட்டக் கூட்டப் பாதிப்பு குறைகிறது பார்' என்று இதை வைத்தே ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ஒவ்வொரு பிபிஎம்முக்கும் குறைவது உண்மை. நாம் கூட்டுகிற வேகமும் ஏறிக்கொண்டே போவது அந்தச் செய்தியில் இருக்காது.

ஐந்தொகை, 13 ஏப்ரல் 2025

பள்ளத்தூர் ஆச்சி சான்றிதழ் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், பள்ளியில் காட்ட வேண்டுமாம். ஆச்சி, ஐ.நா.வின் யுஎன் சிசி லேர்ன் தளத்தில் சான்றிதழும் இலவசம். பாடம் பெரும்பாலும் கொள்கை, ஒப்பந்தம் பக்கம். ஐஐடிகளின் இணைய வகுப்புத் தளமான என்பிடெல்லில் வகுப்புகளைப் பார்ப்பது இலவசம், தேர்வுக்கு ஆயிரம் ரூபாய், நேரில் போய் எழுதணும். சென்னை ஐஐடியின் சி. பாலாஜி நடத்தும் வளிமண்டல அறிவியல் பாடம் அங்கே இருக்கிறது. அருமையான பாடம், ஆனால் நுண்கணிதம் தெரிந்தவர்களுக்கு. நான் பாதியில் கரையேறிவிட்டேன். எக்ஸீட்டர் பல்கலைக்கழகத்தினுடையது ஃபியூச்சர்லேர்னில் வந்தது, மென்மையாகப் போகும். ஆனால் அந்தத் தளத்தில் இலவசம் என்பது சில வாரங்களுக்குத்தான்.

ரஸ்தா, உங்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை.

ஐந்தொகை, 4 மே 2025

அக்னி நட்சத்திரம் பிறந்தாச்சு. அதற்கு ஏற்ற வேலை ஒன்று.

எங்கள் கடையில் மோட்டார் பேரிங் சூடு பார்க்கிற அகச்சிவப்புத் துப்பாக்கி விற்கிறோம். பொருளைத் தொடாமல் அழுத்தினால் வெப்பநிலை காட்டும். ஆர்ச்சரின் பாடத்தைப் பார்த்ததிலிருந்து அதை வானத்தை நோக்கிப் பிடிக்கணும் என்று ஆசை. மாசி மாதம் மேகமே இல்லாத ஒரு ராத்திரி மொட்டை மாடியில் நின்று நேர் உச்சியில் பிடித்தேன். பூஜ்ஜியத்துக்குக் கீழே மூன்று, நாலு என்று காட்டியது. உடம்பு வேர்த்துக்கொண்டிருக்கிறது, வானம் மைனஸ் நாலு! அடிவானத்துப் பக்கம் சாய்க்கச் சாய்க்க எண் ஏறியது. சாய்த்தால் கதிர் வரும் வழியில் காற்று கூடுதல். பிறகு ஒரு நாள் தாழ்ந்த மேகம் வந்து நின்றபோது அதே உச்சியில் 14.

காற்றே இல்லாவிட்டால் அந்தத் துப்பாக்கி வானவெளியைப் பார்த்திருக்கும். அங்கே மைனஸ் 270. ஆக, 270க்கும் நாலுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்கத் தலைக்கு மேல் உள்ள காற்று நம் மேல் திருப்பி வீசுகிற வெப்பம். பாடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியதைக் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கருவிகள் வேண்டுமென்றே 8 முதல் 14 மைக்ரான் வரை மட்டும் பார்க்கும்படி செய்யப்பட்டவை, அந்தப் பட்டையில் காற்று அதிகம் குறுக்கிடாது என்பதால். கரியமிலவாயு பலமாகப் பிடிப்பது 15ஐ ஒட்டி. அதாவது நான் பார்த்தது பெரும்பாலும் நீராவியும் மேகமும். இதை வைத்து கரியமிலவாயுவை அளந்தேன் என்று யாராவது வீடியோ போட்டால் நகர்ந்து போய்விடுங்கள்.

ஐந்தொகை, 5 மே 2025

ரஸ்தா, கொரோனா காலத்துக் காய்ச்சல் துப்பாக்கி இதற்கு ஆகாது. அதில் உடம்புச் சூடு அளவுக்குத்தான் எண் இருக்கும். வானத்துக்கு நேராகப் பிடித்தால் 'லோ' என்று காட்டும். வானத்துக்கு ஜுரம் இல்லை, அவ்வளவுதான் தெரியும்.

ஐந்தொகை, 11 மே 2025

துப்பாக்கியைப் பற்றிப் போட்டதும் பேச்சு வீட்டுப் பக்கம் போய்விட்டது. "நம் செட்டிநாட்டு வீட்டுக்கு எந்தப் புவி வெப்பமும் ஒன்றும் செய்யாது, ஐயாமார் அறிந்து கட்டினார்கள்" என்று கொத்தமங்கலத்து அண்ணன். கானாடுகாத்தானில் தெரிந்தவர் வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்குப் போனபோது துப்பாக்கியும் பையில் இருந்தது. மத்தியானம் இரண்டு மணி. வளவில் நிழல் விழுந்த ஆத்தங்குடிக் கல் 31. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரின் உட்பக்கம் 32. பக்கத்து மனையின் கான்கிரீட் மாடி 57. இரண்டாம் கட்டில் இருந்த பித்தளை அண்டா மட்டும் என்னென்னவோ காட்டியது. பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் காட்டாது, எதிரே உள்ளதைத்தான் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் பிடித்தால் சரியாகிவிடும். வீட்டு ஆச்சி நான் அண்டாவுக்கு டேப் ஒட்டுவதை வேடிக்கை பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணன் சொல்வதில் பாதி சரி. ஆனால் அந்த வீடு வெப்பத்தை விரட்டவில்லை, தள்ளிப் போடுகிறது. பகல் சூடு கனத்த சுவருக்குள் மெல்ல ஊர்ந்து ராத்திரிதான் உள்ளே வரும். அதற்குள் வளவு வழியாகத் திறந்த வானத்துக்கு வெப்பம் வெளியேறியிருக்கணும். மைனஸ் நாலு காட்டிய அதே வானத்துக்கு. மேகம் மூடிய ராத்திரி அந்த வீட்டிலும் புழுங்கும். கரியமிலவாயு மாதிரி வெப்பத்தைப் பிடிக்கும் பசுங்குடில் வாயு கூடினால் ராத்திரியின் குறைந்தபட்ச வெப்பநிலையும் ஏறுகிறது. அப்போது பழைய வீடு சூட்டை இறக்கி வைக்க நேரம் குறைகிறது.

தவிர, அந்த வீடுகளில் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன! நம்மில் பலர் தூங்குவது மேலே மாடி இல்லாத ஆர்சிசி கூரைக்குக் கீழே. அதைப் பற்றிப் பேசினால் இன்னும் உபயோகமாக இருக்கும்.

ஐந்தொகை, 22 ஜூன் 2025

சூரியன்தான் காரணம் என்கிறவர்களுக்கு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு ஆண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள், நம் பக்கத்து மலையிலேயே. பதினோரு ஆண்டுச் சுழற்சியில் சூரியனின் வெளிச்சம் மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கு. 1,361இல் ஆயிரத்தில் ஒன்று 1.36. நாலால் வகுத்து, முப்பது சதவீதம் கழித்தால் கால் வாட்கூட இல்லை. அதுவும் ஏறி இறங்குகிறது. மேலே போட்ட 2.2 வாட்டோடு வைத்துப் பாருங்கள்.

இன்னொரு சாட்சி இதைவிடப் பலமானது. சூரியன் காரணம் என்றால் வளிமண்டலம் அடி முதல் நுனி வரை சூடேறணும். நடப்பது வேறு. கீழே சூடேறுகிறது, மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற மேலடுக்கு குளிர்கிறது. கரியமிலவாயு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று 1967இலேயே மனாபே, வெதரால்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள் கணினியில் போட்டுக் காட்டினார்கள். மனாபேவுக்கு 2021இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

எரிமலையா? எல்லா எரிமலையும் சேர்ந்து விடுவது, நாம் எரித்து விடுவதில் நூற்றில் ஒரு பங்கு அளவில்தான். மேலும் நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான ஆண்டுப் பழசு, அவற்றில் காலப்போக்கில் சிதைந்துவிடும் கார்பன் 14 என்ற வகை மிச்சம் இருக்காது. காற்றில் அந்த வகைக் கார்பனின் பங்கு நீர்த்துப்போவதை 1955இல் ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி மர வளையத்தில் கண்டார்.

இந்த மாதிரி வாதங்களுக்கென்றே குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2015இல் எட்எக்ஸ் என்ற இணையக் கோர்ஸ் தளத்தில் ஒரு கோர்ஸ் தொடங்கியது, ஜான் குக் தலைமையில். ஏமாற்று வாதங்களை ஐந்து வகையாகப் பிரிப்பார்: போலி நிபுணர், தர்க்கப் பிசகு, நடக்காத எதிர்பார்ப்பு, வேண்டியதை மட்டும் பொறுக்குவது, சதிக்கதை. ரஸ்தாவின் குழுவில் ஐந்தும் இருக்கும். ஆனால் இதை முதலில் எடுக்காதீர்கள். கணக்குத் தெரியாமல் இதை மட்டும் படித்தவர்கள் எல்லோர் மேலும் முத்திரை குத்திக்கொண்டு திரிகிறார்கள். எங்கள் குழுவிலேயே ஒருத்தர் இருக்கிறார்.

ஐந்தொகை, 17 ஆகஸ்ட் 2025

மழைக்கு வருவோம். இங்கேதான் இலவசக் கோர்ஸ்கள் நம்மைக் கைவிடுகின்றன.

இந்தியா என்று வந்தாலே தென்மேற்குப் பருவமழை, ஜூன் முதல் செப்டம்பர், எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) வந்தால் வறட்சி. பாடம் முடிந்தது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறது. நமக்கு எல் நினோ பெரும்பாலும் எதிர்த் திசையில் வேலை செய்யும். 2015 பலமான எல் நினோ, சென்னை மூழ்கியது. 2023 எல் நினோ, டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அப்படியானால் அதற்கு நேர்மாறான லா நினா வந்தால் பஞ்சமா? 2021 லா நினா, மழை கொட்டித் தீர்த்தது. 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. ஒற்றைக் காரணம் வைத்து நம் மழையைச் சொல்ல முடியாது.

மழைக்குக் காரணம் தேடுகிற வேலையே நம் நாட்டில்தான் பெரிதாக நடந்தது. வானிலைத் துறை 1875இல் தொடங்கியது. மறு வருஷமே தாது வருஷப் பஞ்சம் ஆரம்பம். 1904இல் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் வானிலை ஆளே கிடையாது, கணித மேதை. உலகம் முழுக்கக் காற்றழுத்த எண்களைக் குவித்து, பருவமழை பொய்ப்பதற்கு முன்கூட்டியே தடயம் உண்டா என்று தேடினார். பசிபிக்கின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறும்போது மறுபக்கம் இறங்குவதைக் கண்டுபிடித்தார். எல் நினோவின் மறுபாதி அதுதான் என்று புரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அவர் தேடி வந்த முன்னறிவிப்பு அவருக்குச் சரியாகக் கிடைக்கவே இல்லை.

அப்புறம் ஊருணி. "அந்தக் காலத்தில் ஊருணி வைகாசி வரை நிற்கும், இப்போது தைக்கே வற்றுகிறது, இதுதான் கிளைமேட் சேஞ்ச்" என்று ஆச்சி எழுதியிருக்கிறார்கள். ஆச்சி, வரத்துக்கால் இருக்கிறதா என்று முதலில் பார்க்கணும். பாதி ஊர்களில் அதன் மேல் மனை போட்டாச்சு, மீதியில் சீமைக்கருவேலம். சுற்றிலும் போர் போட்டு நிலத்தடி நீர் கீழே போய்விட்டது. நல்ல மழை பெய்தாலும் ஊருணிக்கு வந்து சேராது. எல்லாவற்றையும் பருவநிலை மேல் போட்டுவிட்டால் வரத்துக்காலை அடைத்தவருக்குத்தான் நிம்மதி.

ஐந்தொகை, 24 ஆகஸ்ட் 2025

ஆச்சிக்கு என் மேல் வருத்தம். பருவநிலை மாற்றமே இல்லை என்று நான் சொல்வதுபோல் ஆகிவிட்டதாம். அப்படி இல்லை. டிகிரிக்கு 7 சதவீதம் நீராவி கூடும் என்றேனே, அதன்படி பெய்கிறபோது கொட்டுகிற மழை கூடுவது எதிர்பார்க்க வேண்டியதுதான். உலகம் முழுக்க அளவீடுகளும் அந்தப் பக்கம்தான் போகின்றன. வெப்ப அலை இன்னும் தெளிவான வழக்கு. ஆனால் ஒரு ஊருணி, ஒரு வருஷம் என்று இறங்க இறங்கச் சாட்சி பலவீனமாகும்.

யோசித்துப் பார்த்தால் முதல் நாள் நான் ஒதுக்கிய பாதிப்புக் கோர்ஸ்களுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. சராசரி டிகிரி ஏறுவது யாருடைய தலையில் விடிகிறது என்பதை என் கால்குலேட்டர் சொல்லாது. ஆத்தங்குடியில் வெயிலில் நின்று கல் காயவைக்கிறவருக்கும் ஏசி அறையில் வவுச்சர் எழுதுகிற எனக்கும் ஒரே டிகிரிதான், ஒரே நாள் இல்லை. கணக்கை முடித்துவிட்டு அவற்றைப் பாருங்கள். வரிசையில் மட்டும் எனக்குப் பிடிவாதம்.

ஐந்தொகை, 12 அக்டோபர் 2025

தீபாவளி பெயிண்ட் வியாபாரம், நிற்க நேரமில்லை. ரஸ்தாவின் இரண்டாவது நண்பருக்குப் பதில் பாக்கி இருக்கிறது, பத்து வருஷத்தில் எல்லாம் முடிஞ்சது என்றவர்.

2024 உலக சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தின் ஒன்றரை டிகிரி வரம்பைத் தாண்டியாச்சே என்று அவர் அனுப்பியிருப்பார். ஒப்பந்தம் பேசுவது நீண்ட காலச் சராசரியை, ஒரு வருஷத்தை இல்லை. அந்தச் சராசரி இன்னும் ஒன்றரைக்குக் கீழேதான், நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஒன்றரையில் பூமி வெடித்துவிடப் போவதும் இல்லை, 1.4இல் பத்திரமும் இல்லை. ஒவ்வொரு பத்தில் ஒரு டிகிரிக்கும் விலை உண்டு.

இதில் கூர்ந்து பார்த்தவர்கள் ஒன்று கேட்கணும். 2.2 வாட்டுக்கு, வாட்டுக்கு 0.8 டிகிரி வீதம் (இரட்டித்தால் ஏறும் மூன்று டிகிரியை, அதே மடக்கைக் கணக்கில் வரும் 3.7 வாட்டால் வகுத்தது) போட்டால் 1.8 அல்லவா வருகிறது, மற்ற வாயுக்களையும் சேர்த்தால் இன்னும் கூடுமே, ஏன் அவ்வளவு ஏறவில்லை? கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 சதவீதத்தைக் கடல் விழுங்கிக்கொண்டிருக்கிறது, கடல் சூடேற நாளாகும். அப்புறம், நிலக்கரிப் புகையின் தூசு வெயிலைக் கொஞ்சம் திருப்பி அனுப்புகிறது. புகையைச் சுத்தம் செய்தால் அந்த மறைப்பு விலகும். அதற்காகப் புகை இருக்கட்டும் என்று சொல்ல முடியுமா, அதனால் சாகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஐந்தொகை, 26 அக்டோபர் 2025

ரஸ்தா ஒருவழியாக மைனஸ் 18.5ஐக் கடைக் கால்குலேட்டரில் வரவழைத்துப் படம் அனுப்பியிருக்கிறார். வாட்ஸ்அப் நண்பர் அதைப் பார்த்துவிட்டு, "அப்போ கரியமிலவாயு நல்லதுதானே, இல்லாட்டி உறைஞ்சு போயிருப்போமே" என்றாராம். நல்லதுதான். உப்பும் நல்லதுதான் என்று பதில் போடாதீர்கள், பேச்சு சாம்பாருக்குப் போய்விடும். 280க்குப் பதில் 425 என்று மடக்கைக் கணக்கைப் போட்டு அனுப்புங்கள்.

மோட்ட்ரான் செல்போனில் திறந்தால் கட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கணினியில் பாருங்கள். இடம் என்ற தேர்வில் வெப்பமண்டலம் என்றே விட்டுவிடுங்கள், நமக்கு அதுதான். முதல் ஓட்டத்தின் எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஒவ்வொன்றாக மாற்றணும். இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது.